‘உண்டு’ என்று எழுதிய கை

2003-ஆம் வருடம். சென்னைப் புறநகரில் ஒரு நகராட்சியில் நான் பில் கலெக்டர். மழை பொய்த்து ஏரிகள் வறண்டு, தெருவெல்லாம் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டி நின்ற காலம். உங்களுக்கும் நினைவிருக்கும்.

அந்த ஜூலையில் தமிழக அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை புதுக் கட்டடங்களுக்கு மட்டும் இருந்த மழைநீர் சேகரிப்பு, பழைய வீடுகளுக்கும் கட்டாயமாயிற்று. செய்யாவிட்டால் நகராட்சியே செய்து, செலவைச் சொத்து வரிபோல வசூலிக்கலாம்; குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். நீடித்த வளர்ச்சிக்கு உள்ளாட்சிகளும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 1992-லேயே ரியோ மாநாட்டில் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் அலுவலகத்துக்கு அந்தப் பேச்செல்லாம் எட்டவில்லை. எட்டியது கெடுத் தேதி மட்டும்தான்.

திட்டம் நல்ல திட்டம். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். சென்னையின் சராசரி மழை 1,400 மில்லிமீட்டர் என்றால், வருடத்துக்குச் சுமார் 1,30,000 லிட்டர். அதைச் சாக்கடைக்கு விடாமல் மண்ணுக்குள் அனுப்ப ஒரு குழாய், ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு குழி, அவ்வளவே.

வீடுவீடாகப் போனேன். ஒரு வீட்டில் குழாயை மண்ணில் சும்மா சொருகி வைத்திருந்தார்கள். கீழே குழியே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா மாடித் தண்ணீரை வடிகட்டி, பழைய கிணற்றில் விட்டிருந்தார். “தம்பி, ஐப்பசிக்கு முன்னால வருஷா வருஷம் மணலை அலசிப் போடணும்ல?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. என் படிவத்தில் இருந்தது ‘உண்டு / இல்லை’ மட்டும். இரண்டு வீட்டுக்கும் ‘உண்டு’ என்றே எழுதினேன். மாலைக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும்.

2005-ல் பெருமழை பெய்தது, கிணறுகளில் நீர் ஏறியது. எல்லோரும் மறந்தோம். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது, ஓய்வு பெற்றிருந்த நான் அந்தத் தெருவுக்குப் போனேன். குழாய்கள் அப்படியே இருந்தன. பல வீடுகளில் குழி தூர்ந்து மேலே சிமெண்ட் தளம். பாட்டியம்மா இல்லை. அவர் மகன் மணல் அலசுவதை விடவில்லை. அந்தக் கிணற்றில் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது.

சட்டம் குழி வெட்ட வைத்தது. அடுத்த வருடம் வந்து பார்க்க ஆள் வைக்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன்.

ஐப்பசி வருமுன் உங்கள் வீட்டுக் குழியை ஒருமுறை திறந்து பாருங்கள்.