பிரான்ஸிலிருந்து வந்த சிப்பாய்க் கடிதங்கள்

புதுடில்லியில் வாழும் தமிழ் அன்பர்கள் இந்தியா கேட் என்னும் தோரண வாயிலைப் பன்முறை கண்டிருப்பர். 1921-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று, 1931-ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பெற்ற அந்நினைவுச் சின்னத்தில் 13,000-க்கு மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. முதல் உலக யுத்த காலத்திலும் 1919-ஆம் ஆண்டின் ஆப்கானிய யுத்தத்திலும் உயிர் நீத்தவர்களின் பெயர்கள் அவை. கல்லிலே பெயர் உண்டு. அப்பெயருக்கு உரியவன் எதற்கு அஞ்சினான், யாரை எண்ணி ஏங்கினான் என்பதைக் கல் சொல்லாது. அதனைச் சொல்லும் சான்று வேறொன்று உண்டு. முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸ் தேசத்துப் போர்முனையிலிருந்து நம் நாட்டுச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களே அவை. அவற்றைக் குறித்தே இங்கு நாம் பேச முற்படுகிறோம்.

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. லாகூர், மீரட் என்னும் பெயர்களைத் தாங்கிய இரு இந்தியப் படைப்பிரிவுகள் செப்டம்பர் இறுதி முதல் மார்ஸேல்ஸ் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. அக்டோபர் மாதத்திலேயே அவை போர்முனைக்கு அனுப்பப்பட்டன. வெப்ப நாட்டுக்கு ஏற்ற மெல்லிய காக்கி உடையுடன் வந்தவர்கள், சேறும் பனியும் நிறைந்த பதுங்குகுழிகளில் ஐரோப்பியக் குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தது. யுத்தம் முடிவதற்குள் பிரான்ஸுக்கும் பெல்ஜியத்துக்கும் சென்ற இந்தியர் ஏறத்தாழ 1,38,000 பேர் ஆவர்.

இவர்களுள் பெரும்பாலோர் பஞ்சாபியர், கடுவாலியர், பட்டாணியர், கூர்க்கர் முதலிய வடநாட்டு மக்கள். நம் தென்னாட்டார் போரிட்ட களங்கள் வேறு. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63-ஆம் காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் போரிட்டது; சென்னை சாப்பர்ஸ் படையினர் மெசபடோமியாவில் பணிபுரிந்தனர். ஆதலின் பிரான்ஸுக் கடிதங்களை, இன்று நாம் அண்டை வீட்டாராகக் கொண்டு வாழும் மக்களின் பாட்டனார்களும் முப்பாட்டனார்களும் விட்டுச்சென்ற குரல் எனக் கருதலாம்.

அக்காலத்தில் ஒரு கடிதம் உருவான விதமே தனி. 1911-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி நம் நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு ஆறு பேருக்கும் குறைவு. எனவே சிப்பாய் சொல்லச் சொல்ல, எழுத்தறிந்த தோழன் ஒருவன் உருதுவிலோ குருமுகியிலோ இந்தியிலோ எழுதுவான். அது ஊரை அடைந்ததும், எழுத்தறிந்த மற்றொருவர் வீட்டார் நடுவே உரக்கப் படிப்பார். அண்டை அயலாரும் கூடிக் கேட்பர். மனைவிக்கென்று சொல்லவேண்டியது இருப்பினும் அதனை எழுதுகிறவன் ஒருவன், படிக்கிறவர் ஒருவர் என இருவர் நடுவே நின்றனர். அந்தரங்கம் என்பதற்கு அங்கே இடம் மிகச் சிறிது.

இவ்விருவரும் போதாவென்று மூன்றாமவர் ஒருவரும் வந்து சேர்ந்தார். அவர்தாம் தணிக்கை அதிகாரி. 1913-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய கதர் கட்சி, ஆங்கில ஆட்சிக்கு எதிரான பிரசுரங்களை உலகெங்கும் பரப்பி வந்தது. (கதர் என்னும் அச்சொல்லுக்குப் புரட்சி என்று பொருள், நாம் உடுக்கும் கதருக்கும் அதற்கும் தொடர்பில்லை.) அத்தகைய எழுத்து பட்டாளத்தினுள் நுழைந்துவிடுமோ என்று சர்க்கார் அஞ்சியது. 1914-ஆம் ஆண்டின் இறுதியில், இந்திய சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஹாவெல் என்பவரின் தலைமையில் இந்தியத் தபால் தணிக்கைக் காரியாலயம் அமைந்தது. பின்னர் அது பூலோன் நகரிலிருந்து இயங்கியது. 1915 மார்ச் வாக்கில் வாரந்தோறும் 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை சிப்பாய்களிடமிருந்து புறப்பட்டன. அத்தனையையும் படித்தல் இயலாது. எடுத்துப் பார்த்தவற்றுள் குறிப்பிடத்தக்க பகுதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாராந்தர அறிக்கையுடன் இணைத்து மேலிடத்துக்கு அனுப்பினர். பெரும்பாலான கடிதங்களைத் தடுக்காமல் ஊருக்குப் போகவிட்டனர்.

தம் கடிதத்தைப் பிறர் பிரித்துப் படிக்கிறார்கள் என்பதைச் சிப்பாய்கள் விரைவிலேயே அறிந்துகொண்டனர். அறிந்தபின் அவர்கள் கையாண்ட உத்திகள் வியப்புக்குரியவை. கருமிளகு தீர்ந்துவருகிறது என்றும், இப்போது சிவப்பு மிளகாயைப் பயன்படுத்துகிறார்கள் என்றும் ஒருவர் ஊருக்கு எழுதினார். கருமிளகு இந்தியச் சிப்பாய். சிவப்பு மிளகாய் வெள்ளைக்காரச் சிப்பாய். பலசரக்குக் கணக்குப்போல் தோன்றும் அவ்வாக்கியத்தில், நம்மவர் பெருவாரியாக மடிந்துவிட்டனர் என்ற செய்தி மறைந்திருந்தது. எனினும் தணிக்கையாளர் அதன் பொருளை உணர்ந்துகொண்டனர். கடிதங்களில் கவிதைகள் பெருகியதையும் ஹாவெல் கவனித்தார். அது மனக்கலக்கத்தின் அறிகுறி என்றே அவர் கருதினார்.

கலக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1915 மார்ச் 10 முதல் 13 வரை நிகழ்ந்த நவ் ஷப்பேல் போரில் மட்டும் இந்தியப் படையினருள் ஏறத்தாழ 4,200 பேர் மாண்டும் காயமுற்றும் போயினர். இது யுத்தமன்று, உலகத்தின் முடிவு என்ற கருத்துப்பட எழுதியோர் உண்டு. குருக்ஷேத்திரத்தை நினைவுகூர்ந்தோரும் உண்டு. எல்லாவற்றினும் அவர்கள் மனத்தைப் புண்படுத்தியது மற்றொன்று. காயமுற்றவன் ஆறியபின் ஊர் திரும்பலாம் என்று நம்பியிருந்தான். அவனை மறுபடியும் பதுங்குகுழிக்கே அனுப்பினர். ஒருமுறை வறுபட்ட தானியத்தை மீண்டும் அடுப்பில் இட்டதற்கு ஒருவர் தம் நிலையை ஒப்பிட்டார். உழவன் வீட்டுப் பிள்ளைக்கன்றி வேறு யாருக்கு அவ்வுவமை தோன்றும்? வறுத்த தானியம் முளைக்காது என்பது அவன் அறிந்த உண்மை.

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அரண்மனை ஒன்றையே மருத்துவமனையாக்கி, சமய ஆசாரத்துக்கு ஏற்பத் தனித்தனிச் சமையலறைகளும் அமைத்திருந்தனர். அவ்வுபசரிப்பை நன்றியுடன் புகழ்ந்தவர் பலர். அதே நகரில் கிச்சனர் பெயரால் அமைந்த மற்றொரு மருத்துவமனையில் வெளியே உலாவத் தடை விதித்தபோது, சிறைக்கைதிகளைப்போல் இருக்கிறோம் என்று எழுதினர்.

துயரம் ஒன்றையே இக்கடிதங்கள் பேசுகின்றன என எண்ணுதல் பிழையாகும். குல மானத்தையும் அரசருக்குக் கொடுத்த வாக்கையும் பெருமையுடன் எழுதியோர் மிகப் பலர். படையில் சேர வேண்டா என்று தம்பியை எச்சரித்தோரும் உண்டு. 1915-ஆம் ஆண்டின் இறுதியில் காலாட்படை மெசபடோமியாவுக்குப் பெயர்க்கப்பட்டது. குதிரைப்படையினர் 1918-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை பிரான்ஸிலேயே இருந்தனர். கிராமத்து வீடுகளில் தங்கிய அவர்கள், தம்மை மகனைப்போல் பேணிய பிரெஞ்சு மூதாட்டிகளைக் குறித்து எழுதினர். அங்குப் பெண்களும் கல்வி கற்றுக் காரியங்களை நிர்வகிப்பதைக் கண்டு, நம் வீட்டுப் பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று ஊருக்கு அறிவுரை கூறினர். எழுத்தறியாதவன் ஒருவன், தன் மகள் எழுத்தறிய வேண்டும் என்று பிறன் கையால் எழுதுவித்தது எத்துணை பெரிய செய்தி!

இக்கடிதங்களின் மூலப் பிரதிகள் ஊர்களுக்குச் சென்று சேர்ந்தன; காலத்தாலும் கறையானாலும் பெரும்பாலானவை அழிந்தன. 1947-ஆம் ஆண்டின் பிரிவினையில் பஞ்சாபிகள் லட்சக்கணக்கில் வீட்டை விட்டுப் பெயர்ந்தனர். உடுத்த துணியுடன் ஓடி வந்தவர் பழைய கடிதக் கட்டைத் தேடி எடுத்திருக்க முடியுமா? எஞ்சியவை தணிக்கை அறிக்கையுடன் இணைக்கப்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்புகளே. அவை லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. டேவிட் ஒமிசி என்னும் வரலாற்றாசிரியர் அவற்றுள் பலவற்றைத் தேர்ந்து 1999-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சிப்பாயின் வாயை அடக்க ஏற்பட்ட காரியாலயமே அவன் குரலைக் காத்துத் தந்தது!

ஆயினும் நாம் ஒன்றை மறத்தல் ஆகாது. சொன்னவன் ஒருவன், எழுதியவன் வேறொருவன், மொழிபெயர்த்தவன் இன்னொருவன். தாய் கலங்குவாளே என்று மகன் விழுங்கிய சொற்களும், அதிகாரி பார்ப்பானே என்று அடக்கிய சொற்களும் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை. நாடு விட்டு நாடு வந்து பிழைக்கும் நமக்கு இதனை விளக்கிக் கூற வேண்டியதில்லை. "இங்கு யாவரும் சௌக்கியம்" என்று ஊருக்கு எழுதிய ஒற்றை வரியில் எத்தனை இன்னல்களை மறைத்தோம் என்பதை நாம் அறிவோம். அப்பழக்கத்தோடு இக்கடிதங்களைப் படித்தால், எழுதாமல் விடப்பட்டதும் நம் செவியில் விழும். நம் அண்டை வீட்டாரிடம் அவர்தம் முன்னோரின் கடிதம் ஒன்றேனும் பெட்டியடியில் எஞ்சியிருக்குமாயின், அதனைப் பேணி வைக்குமாறு அவர்களிடம் சொல்லுவோமாக.