வருடையும் கூலியாளும்: பன்னிரு இராசிகளின் பயணம்

நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலுக்கு மேலே கட்டிய விதானத்தில் ஓர் ஓவியம் இருக்கிறது. வலிய கொம்புடைய ஆட்டை முதலாகக் கொண்டு வானில் சுற்றிவரும் ஞாயிறும், திங்களைப் பிரியாத உரோகிணியும் அதில் தீட்டப்பட்டுள்ளன. கணவன் பாசறையில் இருக்க, அரசி அந்த உரோகிணியை நோக்கிப் பெருமூச்செறிகிறாள். பாடம் நடத்தும் ஆசிரியர்கள் பெருமூச்சை விளக்கிவிட்டு ஆட்டைக் கடந்து சென்றுவிடுவது வழக்கம். நாமும் பல்லாண்டு அவ்வாறே செய்தோம். பரிபாடலின் 11ஆம் பாடலில் அதே ஆடு வருடை என்னும் மலையாட்டின் பெயரோடு மீண்டும் வருகிறது. தமிழ்ப் புலவர் வானத்தில் கண்ட இவ்வாட்டின் பிறப்பிடம் எது?

விடையைத் தேடி நாம் மெசொப்பொத்தேமியாவுக்குச் செல்ல வேண்டும். பாபிலோனியரின் களிமண் பலகைகளுள் 'முல் அபின்' எனப்படும் விண்மீன் தொகை நூல் ஒன்று உண்டு. அதன் முதற்சொற்களே அதற்குப் பெயராயின; பொருள் 'கலப்பை விண்மீன்' என்பது. கி.மு. 7ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட படிகள் கிடைத்துள்ளன. நூலின் உள்ளடக்கம் அதனினும் பழையது. திங்கள் செல்லும் வழியில் உள்ள விண்மீன் தொகுதிகளை அது வரிசைப்படுத்துகிறது. அவை பன்னிரண்டு அல்ல, 17 அல்லது 18; பெயர்களைப் பிரிக்கும் முறையால் எண்ணிக்கை வேறுபடும். வரிசையில் முதலில் நிற்பது நாம் அறுமீன் என்றும் கார்த்திகை என்றும் அழைக்கும் கூட்டம். இந்தியாவின் பழைய நாள்மீன் பட்டியலும் கார்த்திகையில்தான் தொடங்குகிறது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஆயினும் இவ்வொற்றுமை ஒன்றைக் கொண்டே கடன் என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. விடியற்கீழ்வானில் அக்கூட்டம் தோன்றுவதை உழவர் எங்கும் கண்டிருப்பர்.

பதினேழு எவ்வாறு பன்னிரண்டாயிற்று? பாபிலோனியக் கணக்கர் கணக்கிடும் வசதிக்காக 30 நாள் கொண்ட 12 மாதங்களை, அதாவது 360 நாள் ஆண்டு ஒன்றை, வைத்திருந்தனர். உண்மையான மாதமோ மாலை வானில் இளம்பிறை தென்படும் நாளில் பிறந்தது. ஏட்டு மாதத்தின் ஒழுங்கை அவர்கள் வானத்தின்மேல் ஏற்றினர். ஞாயிற்றின் பாதையை 12 சமக் கூறுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 30 பாகை அளித்தனர். இது நிகழ்ந்தது கி.மு. 5ஆம் நூற்றாண்டில். விண்மீன் கூட்டங்கள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருப்பவை. இராசிகளோ ஓர் அளவினவாய் வெட்டப்பட்டவை. ஆகவே இராசி என்பது கண்ணாற் கண்ட பொருளன்று, அளவுகோல். இவ்வேறுபாட்டை வகுப்பில் வற்புறுத்திச் சொல்ல வேண்டும்.

இந்த அளவுகோலுக்குப் பின்னே மலைக்க வைக்கும் பொறுமை இருக்கிறது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து கி.மு. 1ஆம் நூற்றாண்டு வரை பாபிலோனியர் வானக் குறிப்பேடுகளை எழுதிவந்தனர். திங்களும் கோள்களும் நின்ற இடம், வானிலை, பார்லி, பேரீச்சம்பழம், எள், கம்பளி முதலியவற்றின் விலை, யூப்ரடீசு ஆற்றின் நீர்மட்டம் எல்லாம் ஒரே பலகையில் பதிவாயின. அரசுகள் மாறின, பாரசீகர் வந்தனர், கிரேக்கர் வந்தனர், குறிப்பு எழுதுவது தொடர்ந்தது. சாதகக் கணிப்பை நம்பாதவர்கூட இப்பதிவேட்டை வணங்கத்தான் வேண்டும்.

ஆட்டுக்கு வருவோம். பாபிலோனியப் பட்டியலில் மேடத்தின் இடத்தில் இருப்பது ஆடன்று, கூலியாள்! சுமேரியத்தில் ஆளைக் குறிக்கும் சொல்லும் ஆட்டைக் குறிக்கும் எழுத்தும் 'லு' என ஒலித்தமையால், பிற்கால எழுத்தரின் சுருக்கெழுத்தில் கூலியாள் ஆடாக மாறினான் என்று அறிஞர் பலர் கருதுவர். மொழியியல் பயின்றோர்க்கு இதைவிடச் சுவையான செய்தி கிடைப்பது அரிது. ஓர் ஒலியொப்புமை வானத்தில் ஓர் உயிரையே மாற்றிவிட்டது. கன்னியின் இடத்தில் இருந்தது உழுசால். பின்னர் கிரேக்கரிடம் கதிர் ஏந்திய பெண்ணாயிற்று. மகரத்தின் இடத்தில் இருந்தது முன்பாதி ஆடும் பின்பாதி மீனுமான உயிர். எகிப்தில் தெந்தேராக் கோயிலின் கூரையில் செதுக்கி, இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள இராசி வட்டத்திலும் அது அதே வடிவில் காணப்படுகிறது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் மகரத்தை மான்முகமுடைய முதலை என்கிறார். ஆட்டுமுகம் மான்முகமாயிற்று, மீனுடல் முதலையாயிற்று. பாதிக்குப் பாதி என்னும் அமைப்பு மட்டும் மாறவில்லை.

வராகமிகிரரின் பிருகச்சாதகம் இன்னொரு சான்றும் தருகிறது. இராசிகளுக்குக் கிரியம், தாவுரி, பாதோனம் எனச் சில பெயர்களையும் அது தருகிறது. இவை கிரேக்கத்தின் கிரியோசு, தாவுரோசு, பார்த்தேனோசு என்பவற்றின் திரிபுகள். வந்த வழியைச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன.

இனித் தமிழுக்குள் நெடுநாளாக நடக்கும் வழக்கு ஒன்று. தொல்காப்பியக் களவியலில் 'ஓரை' என்னும் சொல் நாளோடு சேர்ந்து வருகிறது. இது கிரேக்கத்தின் 'ஓரா', வடமொழி 'ஹோரா' வழியே தமிழுக்கு வந்தது என்று கொண்டு, வையாபுரிப்பிள்ளை நூலின் காலத்தைப் பின்தள்ளினார். மறுப்போர் அதனை 'ஓர்தல்' என்னும் வினையடியிலிருந்து வருவிப்பர். சங்கப் பாடல்களில் ஓரை என்பது மகளிர் விளையாட்டைக் குறிப்பதையும் எடுத்துக்காட்டுவர். நம் கருத்து இது: விளையாட்டைக் குறிக்கும் ஓரை வேறு, பொழுதைக் குறிக்கும் ஓரை வேறு, வடிவம் ஒன்றாக அமைந்துவிட்டது. பின்னது கடன்சொல்லே. ஆனால் ஒரு நூற்பாவில் உள்ள ஒரு சொல் முழுநூலின் காலத்தையும் தாங்கும் தூணாகாது. தொல்காப்பியத்தில் காலத்தால் வேறுபட்ட அடுக்குகள் இருக்க இடமுண்டு. இரு தரப்பினரும் ஒரு சொல்லின்மேல் அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்றினர். இப்பூசலில் மாணவர் கையில் எஞ்சியது பெருமிதமோ வெறுப்போதான். சொல்லை ஆராயும் முறை எஞ்சவில்லை. இது நமக்கு இன்றும் வருத்தந் தருவது.

கடன் வாங்கிய பின் தமிழர் என்ன செய்தனர் என்பதற்கு நம் நாட்காட்டியே சான்று. மாதம் பிறப்பது ஞாயிறு இராசி மாறும்போது. அதன் பெயரோ முழுநிலவு நிற்கும் நாள்மீனிலிருந்து வந்தது. ஞாயிறு மேடத்தில் இருக்கும் மாதத்திற்குச் சித்திரை என்று பெயர். சித்திரை மீனோ அதற்கு நேர் எதிர்ப்புறத்தில் இருக்கிறது. மேற்கிலிருந்து வந்த ஞாயிற்று அளவும் இந்தியாவின் திங்கள் அளவும் ஒரே ஏட்டில் பிணைந்துள்ளன.

பத்துமலையிலும் சிங்கப்பூரிலும் காவடி எடுக்கும் தைப்பூச நாளில் இதைக் கண்ணால் காணலாம். ஞாயிறு அப்போது மகரத்தில் இருக்கும். எதிரே கடகத்தில் உள்ள பூசத்தை அணுகி முழுநிலவு எழும். அந்தத் தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். ஆனால் ஞாயிறு உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நிலவுலகின் அச்சு மெல்லச் சுழல்வதால், ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் இடைவெளி வளர்ந்து, இன்று சுமார் 24 பாகையாகியுள்ளது. 72ஐ 24ஆல் பெருக்கினால், இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்த காலம் சற்றேறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் என்பது தெரியும். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.