பொன்மேகம் போன வழி

அந்தக் குதிரை முன்னங்கால்கள் இரண்டையும் உயரத் தூக்கிப் பின்னங்கால்களில் நிற்கிறது. பொன்னிற உடம்பு, வெள்ளைப் பிடரி, வெள்ளை வால். முதுகில் ஆள் இல்லை. நின்ற கோலம் மாறாமலே அது கலிஃபோர்னியாவின் பாலைவன ஊர்கள் இரண்டில் குடியிருந்தது. அங்கிருந்து மிசௌரிக்குப் போனது, நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது, நெப்ராஸ்காவுக்குக் கைமாறியது. உயிரோடு ஓடிய காலத்தைவிட உயிர் போன பிறகு அது நின்றிருக்கும் காலம் அதிகம்.

குதிரையின் பெயர் டிரிக்கர். அதன் முதுகில் இருந்தவர் ராய் ராஜர்ஸ். 1940களிலும் 50களிலும் அமெரிக்காவில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்த இரண்டும் தனித்தனிப் பெயர்கள் அல்ல. கௌபாய்களின் அரசன் என்று திரையுலகம் பட்டம் சூட்டிய அந்த மனிதரைப் பற்றி எழுத எத்தனையோ வழி உண்டு. நான் அவருடைய குதிரையின் தோல் போன வழியிலேயே போகிறேன். கணவராகவும் தகப்பனாகவும் விசுவாசியாகவும் அவர் எப்படி வாழ்ந்தார் என்பது அந்த வழியில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

டிரிக்கர் பிறந்தது 1934இல். பொன்னிறமும் வெண்பிடரியும் கொண்ட குதிரைகளைப் பாலமினோ என்பார்கள். இந்தக் குட்டியின் நிறத்துக்குப் பொருத்தமாகவே பெயர் வைத்தார்கள்: கோல்டன் க்ளவுட், பொன்மேகம். படப்பிடிப்புகளுக்குக் குதிரைகளை வாடகைக்கு விடும் ஒரு லாயத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. 1938இல் வெளிவந்த ராபின் ஹுட் படத்தில் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டைச் சுமந்து வருவது இந்தக் குதிரைதான்.

சவாரிக்காரர் குதிரைக்கு 23 ஆண்டுகள் முன்பே, 1911 நவம்பர் 5ஆம் தேதி, ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் பிறந்துவிட்டார். இயற்பெயர் லெனர்ட் ஸ்லை. அப்பா செருப்புத் தொழிற்சாலைக் கூலி. கிடைத்த மரத்தையெல்லாம் சேர்த்துக் கட்டிய படகுவீட்டில் ஒஹையோ ஆற்றின் மேல் குடித்தனம் நடத்தியவர்கள். பிறகு டக் ரன் என்ற சிற்றூரில் ஒரு சிறு பண்ணை. அங்கே அப்பா வாங்கிவந்த பேப் என்ற பழைய பந்தயப் பெட்டைக்குதிரையில்தான் பையன் சவாரி பழகினான். பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிவிட்டிருந்த 1930இல் குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பியது. லெனர்ட் பீச் பழம் பறித்தார், சரளைக்கல் லாரி ஓட்டினார், இரவில் கிதார் வாசித்துப் பாடினார். பாட்டு அவரை ரிபப்ளிக் ஸ்டூடியோ வாசலுக்குக் கொண்டுவந்தது. வாரம் 75 டாலர் சம்பளம், ராய் ராஜர்ஸ் என்ற புதுப்பெயர், 1938இல் முதல் நாயக வேடம்.

நாயகனுக்கு ஒரு குதிரை வேண்டும் அல்லவா? வாடகை லாயங்களிலிருந்து குதிரைகள் வந்தன. பொன்மேகத்தின் மேல் ஏறி ஒரு சுற்று வந்ததும் மற்றக் குதிரைகள் அவர் கண்ணில் படவில்லை என்பார்கள். தொட்ட மாத்திரத்தில் பாயும் அதன் வேகத்தைப் பார்த்துத் துப்பாக்கி விசையின் பெயரையே வைத்தார்கள். அப்படிப் பொன்மேகம் டிரிக்கர் ஆனது.

ஆனால் குதிரை இன்னும் வாடகைக் குதிரைதான். நாளை வேறொரு நடிகன் அதன் மேல் ஏறலாம். லாயக்காரர் கேட்ட விலை 2,500 டாலர். ராயின் தொடக்கச் சம்பளத்தில், சாப்பிடாமல் குடிக்காமல் சேர்த்தாலும், 33 வாரத்துக் காசு. அவர் தவணை முறையில் கட்டி வாங்கினார். தன்னுடையது என்று மனதில் பட்ட உயிரை இன்னொருவர் கையில் விட்டுவைக்க அவரால் முடியவில்லை. அந்தக் குணம் அவர் வாழ்க்கையில் அதன் பின்னும் திரும்பத் திரும்பத் தலைகாட்டியது.

க்ளென் ராண்டல் என்ற பயிற்சியாளர் டிரிக்கரைப் பழக்கினார். கடிவாளத்தை இழுக்காமல் உடம்பின் சாய்விலும் கையின் தொடுகையிலும் குறிப்பறிந்து நடக்க அது கற்றுக்கொண்டது. வெளியூர் நிகழ்ச்சிகளின் களைப்பைக் குறைக்க லிட்டில் டிரிக்கர் என்ற இன்னொரு குதிரையும் இருந்தது. நோயுற்ற குழந்தைகளைப் பார்க்க ராய் மருத்துவமனைகளுக்குப் போவார். குதிரையும் கூடப் போனதுண்டு. 1949இல் ஹாலிவுட்டின் சைனீஸ் தியேட்டர் முற்றத்து ஈரச் சிமெண்டில் ராய் கைகளைப் பதித்தார். பக்கத்திலேயே டிரிக்கரின் குளம்புத்தடமும் பதிந்தது.

இதற்குள் வீட்டில் ஒரு பேரிடி விழுந்திருந்தது. 1946 நவம்பரில், மகன் பிறந்து ஒரு வாரத்துக்குள், மனைவி ஆர்லீன் இறந்துபோனார். மூன்று சின்னப் பிள்ளைகளுடன் நின்றார் ராய். மறுவருடம் சிகாகோவில் ரோடியோ என்னும் கௌபாய் சாகச விழா. மைதானத்துக்குள் நுழைய அறிவிப்புக்காகக் காத்திருந்த அந்தச் சில நிமிடங்களில், குதிரை மேல் இருந்தபடியே, பக்கத்துக் குதிரையில் இருந்த சக நடிகை டேல் எவன்ஸிடம் என்னை மணந்துகொள்வாயா என்று கேட்டார். 1947 டிசம்பர் 31ஆம் தேதி ஓக்லஹோமாவில் ஒரு பண்ணைவீட்டில் திருமணம். மணமுறிவின் வலியை இருவருமே முன்பு அறிந்தவர்கள். இந்த வீடு நிலைக்க என்ன வேண்டும் என்ற கேள்வியோடுதான் டேல் மாதாகோவில் படியேறினார். 1948இல் அவரும், சிறிது பின்னால் ராயும் கிறிஸ்துவிடம் தங்களை ஒப்படைத்தார்கள். ராய் ஞானஸ்நானம் பெற்றார். அந்தத் திருமணம் ஐம்பது ஆண்டு நிலைத்தது.

அந்த விசுவாசம் சோதிக்கப்பட அதிக காலம் ஆகவில்லை. 1950 ஆகஸ்ட் 26இல் மகள் ராபின் பிறந்தாள், டவுன் சிண்ட்ரோமுடன். இப்படிப் பிறந்த குழந்தையை ஒரு காப்பகத்தில் விட்டுவிட்டு மறந்துவிடுங்கள் என்பதுதான் அன்றைய மருத்துவர்களின் வழக்கமான அறிவுரை. பிரபலங்களின் வீட்டில் மறைக்க இன்னும் அதிகக் காரணம் இருந்தது. ராயும் டேலும் பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். இரண்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்பு ராபின் போய்விட்டாள். அந்தப் பிள்ளையே கடவுளிடம் பேசுவதுபோல டேல் எழுதிய சிறு நூல், ஏஞ்சல் அனவேர், 1953இல் வெளிவந்தது. எபிரெயர் நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், அறியாமலே தேவதூதரை உபசரித்தவர்களைப் பற்றிய வசனத்தை அறிந்தவர்களுக்குத் தலைப்பின் பொருள் புரியும். அதுவரை உள்ளறையில் ஒளித்து வளர்த்த பிள்ளைகளைப் பெற்றோர்கள் ராயின் நிகழ்ச்சிகளுக்குத் தூக்கிக்கொண்டு வரத் தொடங்கினார்கள். என் கணக்கில் அந்தக் குடும்பம் செய்த மிகப் பெரிய காரியம் அதுதான். நூறு படங்கள் அதற்கு ஈடாகாது.

ராபின் விட்டுப்போன இடத்தில் பிள்ளைகள் வந்து நிறைந்தார்கள். சொக்டா பழங்குடிக் குழந்தை ஒன்று, கொடுமைகளைத் தாண்டி வந்த ஒரு சிறுவன், போரால் அனாதையான ஒரு கொரியச் சிறுமி. 1954இல் டிரிக்கரையும் கூட்டிக்கொண்டு பிரிட்டனில் சுற்றுப்பயணம் போனபோது எடின்பரோவில் சந்தித்த ஒரு பெண்ணும் பிறகு வீட்டோடு சேர்ந்தாள். சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தேசத்து முகங்கள். வெளியே லாயத்தில் ஒரு கிழட்டுக் குதிரை. 1951 முதல் 1957 வரை தொலைக்காட்சியில் நூறு வாரக்கதைகளில் ஓடியபோதே டிரிக்கருக்கு வயது இருபதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

1964 ஆகஸ்டில் அந்தக் கொரிய மகள், பன்னிரண்டு வயதில், மாதாகோவில் குழுவோடு போன பேருந்தின் விபத்தில் இறந்தாள். 1965 ஜூலை 3ஆம் தேதி டிரிக்கர் இறந்தது. அதே ஆண்டு அக்டோபர் முடிவில், ஜெர்மனியில் ராணுவப் பணியில் இருந்த வளர்ப்பு மகனின் சாவுச் செய்தி வந்தது. பதினைந்து மாதங்களுக்குள் இரண்டு பிள்ளைகள், நடுவில் குதிரை. டிரிக்கர் போனதை ராய் நெடுநாள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்கிறார்கள். பிள்ளைகளின் சவப்பெட்டிகளைச் சுமந்த வீட்டில் ஒரு குதிரைக்காகத் தனியாக அழுவது எப்படி?

புதைக்க அவருக்கு மனம் வரவில்லை. பாடம் செய்பவர்களிடம் ஒப்படைத்தார். தோல்கன்றைப் போல வைக்கோல் திணித்து நிறுத்திய உருவம் என்று நினைத்துவிட வேண்டாம். திணித்தது என்று யாராவது சொன்னால் ராய்க்கே பிடிக்காது. தசையின் மேடுபள்ளம் மாறாமல் செய்த ஓர் உருவின் மேல் பதப்படுத்திய தோலைப் போர்த்தி, கண்ணாடிக் கண் பொருத்தும் நுண்ணிய வேலை அது. எந்தக் கோலத்தில் நிறுத்துவது? குழந்தைகள் எதைப் பார்த்துக் கைதட்டினார்களோ அந்தக் கோலத்தில், பின்னங்கால்களில்.

1967இல் ஆப்பிள் வேலியில் ராய் ஒரு அருங்காட்சியகம் திறந்தார். 1976இல் அது பக்கத்து விக்டர்வில்லுக்கு மாறியது. குதிரையும் மாறியது. டேல் ஏறிய பட்டர்மில்க் என்ற குதிரையும் புல்லட் என்ற நாயும் பாடம் செய்யப்பட்டு அதன் அருகே சேர்ந்தன. வந்தவர்கள் முன்பு குழந்தைகளாக இருந்தவர்கள், இப்போது பேரப்பிள்ளைகளின் கைபிடித்து வந்தார்கள். வயோதிகத்திலும் ராய் அங்கே வந்து அவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். நான் செத்தால் என்னையும் பாடம் செய்து இதன் மேல் உட்கார வையுங்கள் என்று சிரிப்பாராம். 1998 ஜூலை 6ஆம் தேதி அவர் கண்மூடினார். 2001 பிப்ரவரியில் டேலும் போனார். ஆப்பிள் வேலி கல்லறைத் தோட்டத்தில் இருவரும் அருகருகே இருக்கிறார்கள்.

குதிரை மட்டும் மறுபடி கிளம்பியது. 2003இல் மிசௌரியின் பிரான்சனுக்கு. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை கரைந்துகொண்டிருந்தது, வாசலில் கூட்டம் குறைந்தது. அருங்காட்சியகம் நஷ்டத்தில் ஓடத் தொடங்கினால் மூடிவிடு என்று ராய் மகனிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். தகப்பன் சொல்லை மகன் மீறவில்லை. 2009 டிசம்பரில் கதவு அடைபட்டது.

2010 ஜூலையில் நியூயார்க்கின் கிறிஸ்டிஸ் ஏலக்கூடம். டிரிக்கர் 2,66,500 டாலருக்குப் போனது. நெப்ராஸ்காவைச் சேர்ந்த, கிராமப்புற மக்களுக்கான ஆர்.எஃப்.டி. டி.வி. வாங்கியது. புல்லட்டையும் அவர்களே வாங்கியதால் நாயும் குதிரையும் பிரியவில்லை. வெள்ளி வேலைப்பாடு மின்னும் சேணம் குதிரையைவிட அதிக விலைக்குப் போய் வேறொரு வீட்டுக்குச் சென்றது.

எனக்கு அந்த ஏலத்தொகைகளைவிடப் பழைய 2,500 டாலர்தான் பெரிதாகப் படுகிறது. அது ஒரு இளைஞன் தன் கூலியிலிருந்து தவணை தவணையாகக் கட்டிய காசு. கட்டி முடித்த பின் அவர் அந்தக் குதிரையை யாருக்கும் விற்கவில்லை. மறந்துவிடச் சொன்ன மகளையும், ஊரார் பெற்ற பிள்ளைகளையும் கைவிடாத அதே கை அது. விட வேண்டிய நாள் வரும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. தன்னால் அது ஆகாது என்றும் தெரிந்திருக்க வேண்டும். விற்கும் வேலையை மட்டும் அவர் மகனிடம் விட்டுச் சென்றார்.