பழைய தரைக்குள் கல்நார்

மேரு, காப்பார் வட்டாரத்துத் தோட்டங்களை விட்டு வந்து, கிள்ளான் பக்கத்துத் தாமான்களில் பழைய வீடு வாங்கிக் குடியேறிய குடும்பங்கள் பல. குடி வந்ததும் நிறம் மங்கிய தரையைப் பெயர்த்துப் புதுத் தரை போட ஆசை வருவது இயல்புதான். அப்படிப் பெயர்க்கும் முன் ஒரு பழைய வரலாற்றைக் கேளுங்கள்.

பாறையிலிருந்து கிடைக்கும் நார்தான் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார். அது தீயில் எரியாது. இங்கிலாந்தில், ராச்டேல் நகரத்து டர்னர் பிரதர்ஸ் ஆலையில் அதை நூலாக நூற்றவர் நெல்லி கெர்ஷா என்ற பெண். மூச்சுத் திணறலால் வேலையை விட்டவர், 1924-இல், 33 வயதில் இறந்தார். நட்ட ஈடு மட்டுமல்ல, அடக்கச் செலவுக்குக்கூட நிர்வாகம் பணம் தர மறுத்தது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதுக் கதையா என்ன? ஆனால் டாக்டர் வில்லியம் குக் அவருடைய நுரையீரலை ஆராய்ந்து, அதில் கல்நார்த் துகள்கள் இருந்ததை அதே ஆண்டு மருத்துவ இதழில் எழுதினார். 1931-இல் பிரிட்டனில் ஆலைத் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தன.

விதிகள் ஆலை வாசலோடு நின்றன; சரக்கு உலகமெங்கும் போயிற்று. கூரைத் தகட்டிலும், 9 அங்குலச் சதுர வினைல் தரை ஓட்டிலும், அதை ஒட்டும் கறுப்புப் பசையிலும், பாய்போல் விரிக்கும் வினைலின் அடித்தாளிலும் கல்நார் கலந்தது. 1960-இல் தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற மருத்துவரும் உடனிருந்தோரும், நுரையீரல் உறையில் புற்றுநோய் கண்ட 33 பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் சுரங்க வேலையே செய்யாமல் அதன் அருகில் வாழ்ந்தவர்களும் இருந்தனர். மலேசியாவில் தொழிற்சாலைகளுக்கான கல்நார் விதிகள் 1986-இல் வந்தன.

உடையாத ஓட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஆபத்து உடைப்பதிலும் சுரண்டுவதிலும் இயந்திரத்தால் தேய்ப்பதிலும் இருக்கிறது. கண்ணால் பார்த்துக் கல்நாரை அறிய முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஆகவே பழைய தரையை அப்படியே விட்டு, அதன்மேல் புதியதைப் போடுவதே மேல். எடுத்தே தீரவேண்டுமானால், அதில் பயிற்சி உள்ளவர்களிடம் விடுங்கள். ஏற்கெனவே ஓடு உடைந்திருந்தால் பிள்ளைகளை அப்பால் அனுப்பி, நீர் தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பும். நோய் தெரிய 20, 30 ஆண்டுகள்கூட ஆகும்.

இன்னொன்று. 1965-இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், கல்நார் ஆலைக்குள் போகாமல், வீட்டாரின் வேலைத் துணியைத் துவைத்த பெண்களுக்கும் அந்தப் புற்றுநோய் கண்டிருந்தது. தரை வேலை செய்தவரின் சட்டையை உதறாமல், அப்படியே நனைத்துத் தனியாகத் துவையுங்கள்.