மென்லோ பார்க்கில் மூழ்கிய லெமூரியா

கடல் கொண்ட கதைகள் – 9

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில், நேக்லி அவென்யூவில், பழைய எகிப்தியக் கோயிலின் சாயலில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே 4,000-க்கும் மேற்பட்ட பொருள்கள்: மம்மிகள், சவப்பெட்டிகள், தாயத்துகள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதை நடத்துவது ரோசிக்ரூஷியன் என்னும் மறைஞான அமைப்பு. கடலில் மூழ்கிய கண்டம் எனப்படும் லெமூரியாவை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்ததில் இந்த அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அமைப்பைத் தொடங்கிய ஹார்வி ஸ்பென்சர் லூயிஸ், 1883-ல் நியூ ஜெர்சியின் ஃபிரெஞ்ச்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தவர். விளம்பரத் துறையில் இருந்தவர். 1915-ல் அமைப்பைத் தொடங்கி, 1927-ல் தலைமையகத்தைச் சான் ஹோசேவுக்குக் கொண்டுவந்தார். பசிபிக்கில் மூழ்கியதாகச் சொல்லப்பட்ட லெமூரியாவைப் பற்றி 1931-ல் இங்கிருந்து ஒரு புத்தகம் வந்தது. ஆசிரியர் பெயர் விஷார் செர்வே என்று இருந்தது. எழுதியவர் லூயிஸ்தான். கண்டம் மூழ்கியபோது தப்பிய லெமூரியர்கள் வட கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா மலையில் வாழ்கிறார்கள் என்றது அந்தப் புத்தகம். மறு ஆண்டே லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை வெளியானது. ரயிலில் போகும்போது மலையில் விசித்திர வெளிச்சம் தெரிந்ததாம். மலைவாசிகள் அடிவாரக் கடைகளுக்கு வந்து தங்கக் கட்டி கொடுத்துச் சரக்கு வாங்கிப் போகிறார்களாம். லெமூரியரைத் தேடி இன்றும் ஷாஸ்டாவுக்கு ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்தியப் பெருங்கடலிலிருந்து பசிபிக்குக்கு

லெமூரியா பிறந்தது லண்டனில், 1864-ல். மடகாஸ்கரில் லெமூர் விலங்குகள் நிறைந்திருக்கின்றன, இந்தியாவிலும் அதன் உறவுகள் உண்டு, நடுவே கடல். அப்படியானால் முன்பு அங்கே நிலம் இருந்திருக்க வேண்டும் என்றார் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர். அன்றைய அறிவியலுக்கு உட்பட்ட நியாயமான ஊகம்தான் அது. உயிரியலாளர் ஹெக்கெல் அதை மனித இனத்தின் தொட்டிலாக்கினார். பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் 1888-ல் அதில் விசித்திர மனிதர்களைக் குடியேற்றிப் பசிபிக் வரை நீட்டினார். அந்த நீட்சியைப் பிடித்துக்கொண்டுதான் லூயிஸ் கலிஃபோர்னியாவில் கரையேற்றினார்.

அதே ஊகம் தமிழகத்துக்கு வந்தபோது இங்கே ஒரு பழைய நினைவு காத்திருந்தது. தென்மதுரையும் கபாடபுரமும் கடலுக்குப் போன கதையை இறையனார் களவியல் உரை சொல்கிறது. பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே 700 காவதம், 49 நாடு என்று அடியார்க்கு நல்லார் கணக்கே தருகிறார். இந்த உரைகளுக்கு லண்டன் விலங்கியலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஸ்கிளேட்டருக்கும் தமிழ் உரைகளைத் தெரியாது. இரண்டையும் குமரிக்கண்டம் என்று ஒன்றாக முடிந்தவர்கள் பிற்காலத்து நம்மவர்கள். 1981-ல் மதுரை உலகத் தமிழ் மாநாட்டில், தமிழக அரசின் ஆதரவில் ப. நீலகண்டன் இயக்கிய குமரிக்கண்டம் ஆவணப்படம் திரையிடப்பட்டது.

படம் ஓடிய அந்த ஆண்டில், ஸ்கிளேட்டரின் கண்டம் அறிவியலில் செத்து ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைக் கொன்ற இடங்களில் ஒன்று, லூயிஸின் அச்சகத்திலிருந்து காரில் அரை மணி நேரத் தொலைவில் இருந்தது.

தார்க்காகிதக் கொட்டகை

சான் ஹோசேயிலிருந்து 101 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் மென்லோ பார்க். இன்று ஃபேஸ்புக் இருக்கும் ஊர் என்றுதான் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதித் தமிழர்களுக்குத் தெரியும். 1960-களில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் வளாகத்தில், தார்க்காகிதம் வேய்ந்த ஒரு கொட்டகையில், ஆலன் காக்ஸ், ரிச்சர்ட் டோயல், பிரெண்ட் டால்ரிம்பிள் என்ற மூவர் எரிமலைக் கற்களை அளந்துகொண்டிருந்தார்கள்.

எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது, அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அப்போதைய காந்தத் திசையைப் பதித்துக்கொள்கின்றன. பூமியின் காந்த வடக்கும் தெற்கும் அவ்வப்போது இடம் மாறும். எந்தெந்தக் காலத்தில் மாறியது? கல்லின் வயதைப் பொட்டாசியம்–ஆர்கான் முறையில் கணித்து, காந்தத் திசையையும் அளந்து, மூவரும் ஒரு கால அட்டவணை போட்டார்கள்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் வைன், மேத்யூஸ் இருவரும் கடலடியில் காந்தப் பட்டைகள் மாறி மாறி ஓடுவதற்கு விளக்கம் சொன்னார்கள். கோடு போட்ட கைலித் துணியைக் கடலுக்கடியில் விரித்ததுபோல, ஒரு மலைத்தொடரின் இரு பக்கமும் ஒரே கணக்கில் பட்டைகள். புதுக் கடலடி நடுவில் பிறந்து இருபுறமும் விலகிப் போகிறது என்றார்கள். மென்லோ பார்க் அட்டவணை அதற்குத் தேதி போட்டுக் கொடுத்தது. 1963-ல் அவர்கள் ஆராய்ந்த அந்தப் பட்டைகள் எந்தக் கடலினுடையவை தெரியுமா? இந்தியப் பெருங்கடலின் வடமேற்கிலுள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரினுடையவை. லெமூரியா மூழ்கிக் கிடப்பதாகச் சொன்ன அதே கடல்!

அங்கே கண்டம் எதுவும் முழுகவில்லை. கீழே இருப்பது புதிதாகப் பிறந்த எரிமலைப் பாறை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. மனிதன் தோன்றி 3 லட்சம் ஆண்டுதான் ஆகிறது. மொரிஷியஸுக்கு அடியில் பழைய கண்டத் துண்டு இருப்பதாக 2013-லும் 2017-லும் ஆய்வுகள் வந்தபோது, லெமூரியா கிடைத்துவிட்டது என்று நம்மில் பலர் குதித்தோம். அந்தத் துண்டும் டைனோசர் காலத்திலேயே உடைந்து அமிழ்ந்தது. அதில் சங்கம் வைத்துத் தமிழ் வளர்க்க யாரும் இல்லை.

"வெகெனரையும் சிரித்தார்களே?"

மாற்று வரலாற்றுக்காரர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-ல் சொன்ன ஆல்ஃபிரட் வெகெனரை நிபுணர்கள் எள்ளி நகையாடவில்லையா? நகையாடினார்கள். ஆனால் அவர் சொன்னது அளந்து பார்க்கக்கூடிய ஒன்று. அளந்தார்கள், எள்ளியவர்கள் தோற்றார்கள்.

டெக்சஸில் நடந்ததும் அதுதான். அமெரிக்கக் கண்டங்களுக்கு முதலில் வந்தவர்கள் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தைய க்ளோவிஸ் ஈட்டிமுனைக்காரர்கள் என்பது பல்லாண்டுக் காலம் அசைக்க முடியாத பாடம். எதிர்த்துப் பேசியவர்கள் ஒதுக்கப்பட்டார்கள். ஆஸ்டினுக்கு வடக்கே, பட்டர்மில்க் ஓடைக் கரையில், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வாட்டர்ஸ் குழு தோண்டியது. க்ளோவிஸ் அடுக்குக்கும் கீழே களிமண்ணில் 15,000-க்கும் மேற்பட்ட கல்கருவிகளும் சில்லுகளும் கிடைத்தன. வயது 15,500 ஆண்டுகள் வரை போனது. 2011-ல் அறிவித்ததும் ஆட்சேபம் வந்தது: களிமண்தானே, கோடையில் வெடிக்கும், மேலே கிடந்த சில்லு வெடிப்பு வழியே கீழே விழுந்திருக்கலாமே? கோவில்பட்டிக் கரிசல்காட்டுக்காரர் எவரும் கேட்கக்கூடிய கேள்வி. மண்ணின் அமைப்பையும் சில்லுகளின் பரவலையும் சோதித்துக் குழு பதில் சொன்னது. பழைய பாடம் இன்று பாடப்புத்தகத்திலிருந்து விலகிவிட்டது.

அதே ஆஸ்டினில் 2024 ஏப்ரலில், ஜோ ரோகனின் வலையொலி நிகழ்ச்சியில், எழுத்தாளர் கிரஹாம் ஹான்காக்கும் தொல்லியலாளர் ஃபிளின்ட் டிபிளும் நான்கு மணி நேரத்துக்கு மேல் மோதினார்கள். ஹான்காக் சிறுவயதில் சில ஆண்டுகள் வேலூரில் வளர்ந்தவர், அப்பா சி.எம்.சி. மருத்துவர். பனியுகத்தில் ஒரு முன்னேறிய நாகரிகம் அழிந்துபோனது என்பது அவர் கட்சி. சான் ஹோசேவுக்கு அண்டை ஊரான லாஸ் கேட்டோஸில் தலைமையகம் கொண்ட நெட்ஃபிளிக்ஸ், 2022-ல் அவருடைய தொடரை வெளியிட்டது. அதை அறிவியல் புனைகதை என்று வகைப்படுத்தச் சொல்லி அமெரிக்கத் தொல்லியல் சங்கம் கடிதம் எழுதியது.

ஆஸ்டினில் டிபிள் கையிலெடுத்தது விதைகளை. மனிதன் பயிரிட்ட தானியம் காட்டுத் தானியத்திலிருந்து மாறிவிடும். முற்றினாலும் மணி தானாக உதிராது. பனியுகத்தில் பெரிய நாகரிகம் விவசாயம் செய்திருந்தால் அந்த விதைகள் எங்கே? தொல்லியலாளர்கள் இதுவரை ஆராய்ந்தவற்றில் தன் நாகரிகத்துக்குச் சான்றில்லை என்று ஹான்காக் ஒத்துக்கொண்டார். ஆனால் ஆராயாத இடம் ஏராளம் இருக்கிறதே என்றார்.

இரு தரப்பும் பிரியும் இடம் இதுதான். எதைக் காட்டினால் வாட்டர்ஸ் தோற்பார் என்று எதிராளிக்குத் தெரியும். வெடிப்பைக் காட்டினால் போதும். "தோண்டாத இடத்தில் இருக்கிறது" என்பவரை யாரும் எதைக் காட்டியும் தோற்கடிக்க முடியாது. தோற்க வழியே இல்லாத கட்சி ஜெயித்ததாகவும் ஆகாது.

ஐக்கியாவுக்குப் போகும் வழி

அப்படியானால் கடல்கோள் முழுப் பொய்யா? இல்லை. 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு நடந்தே போகலாம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடா அன்று காய்ந்த பள்ளத்தாக்கு. கடற்கரை ஃபாரலோன் தீவுகளுக்கு அருகே, இன்றைய நகருக்கு மேற்கே 40 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. குமரிமுனைக்குத் தெற்கே கடலுக்குப் போனது கரையோர நிலம், கண்டம் அல்ல என்பதை நிலவியலாளர் சு.கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி'யில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த அளவுக்கு நினைவு நிஜமாக இருக்கலாம்.

கற்பனைக் கண்டத்தில் மயங்குவதால் வரும் நஷ்டத்தை விரிகுடாக் கரையிலேயே பார்க்கலாம். எமரிவில் ஊரின் ஐக்கியா கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் ஷெல்மவுண்ட் தெருவில்தான் திரும்புகிறார்கள். ஓலோனி பழங்குடி மக்கள் சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சிப்பி ஓடுகளும் சாம்பலும் தம் முன்னோரின் உடல்களும் சேர்த்து எழுப்பிய மேடு அங்கே இருந்தது. உயரம் 60 அடி. விரிகுடாவைச் சுற்றி இப்படி 425 மேடுகளைத் தொல்லியலாளர் நெல்ஸ் நெல்சன் 1909-ல் பதிவு செய்தார். எமரிவில் மேட்டின் உச்சியில் நடன அரங்கு கட்டினார்கள். 1924-ல் தொழிற்சாலைக்காக இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஏழே ஆண்டு கழித்து, அதே விரிகுடாவின் தென்முனையில் லூயிஸ் லெமூரியரைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த மேட்டில் மக்கள் வாழ்ந்த அதே நூற்றாண்டுகளில்தான் கீழடியிலும் வாழ்ந்தார்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு, அமெரிக்காவின் மயாமி ஆய்வகத்தில் கி.மு. 580 என்று தேதி பெற்றது. சிவகளைத் தாழியின் நெல்லுமியும் அங்கேதான் கி.மு. 1155 என்று வந்தது. இந்தத் தேதிகளோடு மல்லுக்கட்டலாம். மல்லுக்கட்ட ஆழமும் அடுக்கும் எண்ணும் கையில் இருக்கின்றன. தமிழின் தொன்மைக்கு நாம் வாதாட வேண்டிய இடம் அந்த அகழாய்வுக் குழி. அதன் பக்கத்தில் 49 நாட்டையும் கொண்டுபோய் வைத்தால், குழியைச் சந்தேகிக்க விரும்புகிறவர்களுக்கு வேலை சுலபமாகிவிடும்.

அடுத்த வாரம்: 1991-ல் பூம்புகார்க் கடலடியில், 23 மீட்டர் ஆழத்தில் தென்பட்ட குதிரை லாட வடிவம், அதைத் தேடி மூழ்கிய ஹான்காக்.

(தொடரும்)