சலூட்சோக் குன்றின் மேல்வீடு

இத்தாலியின் வடமேற்கே, அல்ப்ஸ் மலைகளின் அடிவாரத்தில், சலூட்சோ என்றொரு பழம்பதி உண்டு. முன்னொரு காலத்தில் சிற்றரசொன்றின் தலைநகராய் விளங்கிய ஊர் அது. 3,841 மீற்றர் உயரமுடைய மொன்விசோ சிகரம் அதற்கு மேற்கே நிமிர்ந்து நிற்கும். அவ்வூர்க் குன்றின்மீது கைவிடப்பட்டுப் பாழடைந்து கிடந்த மாளிகை ஒன்றினுள், 1983 ஆம் ஆண்டு யூலை 16 ஆந் திகதி, கார்மேல் அன்னையின் திருநாளன்று, ஒரு கன்னியாஸ்திரி அடியெடுத்து வைத்தார். நகரசபை அவர் பொறுப்பில் விட்ட வீடு அது. துணைக்கு ஒரு சகோதரியும் ஓர் ஆசிரியையும் இருந்தனர். கையிற் பணம் இல்லை.

அவர் பெயர் எல்விரா பெத்ரொட்சி. றோமாபுரிக்குத் தென்கிழக்கேயுள்ள சோரா என்னும் ஊரில் 1937 ஆம் ஆண்டு பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் ரீத்தா. உலகப் போரின் கொடுமையால் குடும்பம் வடக்கே அலெஸ்ஸாந்திரியாவுக்குப் பெயர்ந்தது. தந்தையோ மதுவுக்கு அடிமை. குடிகாரன் மகள் என்ற வெட்கம் எத்தகையது, அடுப்பு எரியாத இரவு எவ்வளவு நீளமானது என்பனவற்றைச் சிறுமி எவரிடமும் பாடங்கேட்டு அறியவேண்டியிருக்கவில்லை. 1956 இல், பத்தொன்பது வயதில், ஏழைகளுக்கும் நோயாளருக்கும் பணிபுரியும் துறவற சபையொன்றிற் சேர்ந்தார்.

1970 களில் இத்தாலிய நகரங்களில் ஹெரோயின் பரவிற்று. பூங்காக்களிலும் புகையிரத நிலையங்களிலும் இளைஞர் ஊசியுடன் விழுந்து கிடந்தனர். போதைக்கு ஆளானவனைக் குற்றவாளியாக அன்றி நோயாளியாகக் கருதவேண்டும் என 1975 இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், அந்நோயாளியை எங்கே வைப்பது, யார் பார்ப்பது என்பவை தீராத வினாக்களாயின. இளைஞர்களுக்காக ஒரு வீடு திறக்க எல்விரா அனுமதி கேட்டார். பெரிய படிப்பில்லாத ஒரு சகோதரிக்கு இவ்வேலை ஆகுமா என மேலிடத்தார் தயங்கியதில் வியப்பில்லை. பல ஆண்டுகள் காத்திருந்த பின்னரே சலூட்சோவின் கதவு திறந்தது.

வீட்டுக்குச் செனாக்கோலோ என்று பெயரிட்டனர். மேல்வீடு என்பது பொருள். இயேசு விண்ணேகிய பின், ஆண்டவரைப் பிரிந்த சீடர்கள் மரியாளோடு கூடியிருந்து செபித்த அறை அது. குன்றின்மீது வந்து சேர்ந்தவர்களும் பிரிவை அறிந்தவர்களே. கூட ஊசி ஏற்றிய நண்பன் மாண்டிருப்பான். தாயின் நகையைத் திருடி விற்ற நாளிலிருந்து தகப்பன் பேசுவதில்லை. 1980 களில் இத்தாலியில் எயிட்ஸ் நோய்க்கு இரையானோரிற் பெரும்பாலார் ஊசி வழியே போதை ஏற்றியவர்கள் என்பதும் நினைக்கத்தக்கது. போதை உள்ளவரை இத்துயரம் உறங்கும். அது நீங்கியதும் விழித்தெழும். உடலை வாட்டும் முதற் சில நாட்களைக் கடந்தவன்கூட மீண்டும் ஊசியைத் தேடுவதன் காரணங்களுள் இஃது ஒன்று.

இதற்கு எல்விரா கண்ட வழி எளியது. புதிதாக வருபவன் ஒவ்வொருவனும் அவ்வீட்டிலேயே தேறிவரும் இன்னோர் இளைஞனிடம் ஒப்படைக்கப்படுவான். அவனைக் காவற் சம்மனசு என்பர். தொடக்க வாரங்களில் இருவரும் இரவு பகலாகப் பிரியார். புதியவன் நடுங்கும்போது போர்வையை இழுத்து விடுபவனும், வீட்டைவிட்டு ஓட எழும்போது உடன் நடந்து பேசுபவனும் அவனே. நேற்றுவரை எவராலும் நம்பப்படாதவன் கையில் இன்று ஓர் உயிர் கொடுக்கப்படுகின்றது! அதனைக் காக்கும் முயற்சியிலே தன் துக்கத்தைச் சுமக்கவும் அவன் கற்றுக்கொள்கின்றான். இம்முறையினால் மிகுதியும் பயன்பெறுபவன் புதியவனா, காவலனா என்று சொல்வது கடினம்.

ஏனைய ஒழுங்குகள் கடுமையானவை. நாளில் மூன்று செபமாலை. இடையே தோட்டம், சமையல், கட்டட வேலை. பாழ்மாளிகையைச் செப்பனிட்டவர்களும் அவ்விளைஞர்களே. மதுவும் புகையிலையும் இல்லை; தொலைக்காட்சியும் செய்தித்தாளும் இல்லை. அரசாங்கத்தின் பணத்தை வேண்டார். குடும்பத்தாரிடம் கட்டணம் பெறார். பிறர் மனமுவந்து கொடுப்பதைக்கொண்டே வாழ்வர். வாசம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். பெண்களுக்குத் தனி இல்லங்கள் உண்டு. பெற்றோரும் தமக்குள் கூடிப் பேசவும் செபிக்கவும் வேண்டும். மகன் திரும்புகையில் வீடு பழைய வீடாகவே இருத்தலாகாது என்பது கருத்து.

மருந்து இன்றியே போதையை நிறுத்துவது இவ்வில்லங்களின் வழக்கம். இங்கே மருத்துவர்களின் மறுப்பையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. ஹெரோயினை விடுவது பெருவேதனை தருமாயினும் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. நெடுங்காலக் குடியைத் திடீரென நிறுத்துவதோ, வலிப்பும் சித்தப்பிரமையும் தந்து கொல்லவுங்கூடும். அதற்கு வைத்தியரின் கண்காணிப்பு இன்றியமையாதது. இன்னோர் அபாயமும் உளது. பல மாதம் விலகியிருந்த உடல் பழைய அளவைத் தாங்காது. இடையிலே வீட்டைவிட்டு ஓடி, முன்போலவே ஊசி ஏற்றுபவன் அன்றே இறக்கலாம். மெதடோன் போன்ற மாற்று மருந்துகள் இம்மரணங்களைக் குறைக்கின்றன என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்டது. செபமும் தோழமையும் மருந்துக்குப் பகையல்ல. அவற்றை எதிரெதிரே நிறுத்துவது இரண்டுக்கும் நட்டமே.

ஒரு வீடு போதும் என்றே எல்விரா முதலில் எண்ணினார். கதவைத் தட்டியவர்கள் அவரை அங்கே நிற்க விடவில்லை. பொஸ்னியாவின் மெட்ஜுகோரியேயிலும், 1993 இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் இல்லங்கள் எழுந்தன. தேறியவர்களுட் சிலர் தென் அமெரிக்காவிலே தெருச் சிறுவர்களைப் பேணச் சென்றனர், சிலர் குருக்களாயினர், மணம்புரிந்து குடும்பமாகவே பணியில் இணைந்தோரும் உளர். 2009 இல் வத்திக்கான் இச்சமூகத்தை அங்கீகரித்தது. எல்விரா 2023 ஓகஸ்ட் 3 ஆந் திகதி, தமது எண்பத்தாறாம் வயதிற் காலமானார். ஆண்டுதோறும் யூலை மாதத்தில், அவர் முதன்முதல் நுழைந்த அதே குன்றில், மகனைத் திரும்பப் பெற்ற பெற்றோரும் இன்னும் காத்திருக்கும் பெற்றோரும் ஒன்றாகக் கூடுகின்றனர்.