குளிர்ச்சி என்னும் அமானிதம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

கோடை தொடங்கியதும் நம் வீடுகளிலும் பள்ளிவாசல்களிலும் ஒரே பேச்சு எழுகிறது. இந்த ஆண்டாவது ஏசி வைக்க வேண்டும் என்பர் சிலர். இருப்பதை அகற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்க வேண்டும் என்பர் வேறு சிலர். இருப்பதைப் பழுதுபார்த்துப் பேணுவது பற்றிய பேச்சு மட்டும் அரிதாகவே எழுகிறது. தோவாளை வட்டாரத்து வீடுகளின் வரலாற்றையும் இஸ்லாமிய வரலாற்றின் சில பக்கங்களையும் சேர்த்துப் பார்த்தால், நம் முன்னோர் இதை வேறு வரிசையில் அணுகியது புலப்படும். பேணுதல் முதலில், பழுதுபார்த்தல் அடுத்து, மேம்படுத்தல் அதன் பின் என்பதே அவ்வரிசை.

தோவாளை, ஆரல்வாய்மொழிக் கணவாயின் மேற்கு வாயிலில் அமைந்த ஊர். மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்முனையை நெருங்கும் இடத்தில் மலைகளுக்கு இடையே விட்டுக்கொடுத்த வழி அக்கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து வந்து இந்த இடுக்கில் நுழையும்போது நெருக்கப்பட்டு வேகம் பெறுகிறது. மே மாதம் முதல் செப்டம்பர் வரை அக்காற்றை அறியாதார் இவ்வூரில் இலர். நம் பூச்சந்தைக்கு வருவோர்கூட ஆடி மாதத்தில் கூடையை ஒரு கையாலும் துணியை மறு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இக்காற்றை அறிந்தே நாஞ்சில் நாட்டு வீடுகள் கட்டப்பட்டன. தாழ்வாக இறங்கும் சாய்வுக் கூரை சுவரில் வெயில் படாமல் காத்தது. நடுவே இருந்த முற்றம் சூடேறிய காற்றை மேலே போகவிட்டது. மரத்தாலான மச்சு, கூரையின் வெப்பத்தைத் தலைக்கு மேலேயே தடுத்து நிறுத்தியது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரத்தின் அரண்மனையில் இக்கலையின் உயர்ந்த வடிவத்தை இன்றும் காணலாம். அங்குள்ள சாய்ந்த மரச்சட்டச் சாளரங்கள் வெயிலை வடிகட்டிக் காற்றை மட்டும் உள்ளே அனுப்புகின்றன. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன. ஆயினும் அந்த அரண்மனையை இன்றுவரை பேணி வருவது கேரளத் தொல்லியல் துறையே. எல்லைக்கோடு மாறியபோதும் பேணும் பொறுப்பு கைவிடப்படவில்லை.

அரண்மனைக்குத் துறை இருக்கிறது. குடியானவன் வீட்டுக்கு யார் இருந்தார்? அவ்வீட்டாரும் ஊராரும்தான் இருந்தனர். ஓலைக் கூரையை மழைக்கு முன் மீண்டும் வேய்ந்தாக வேண்டும். 1865இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடர்ந்து மேற்குக் கரையெங்கும் பரவிய சீமை ஓடு, ஓலையை விட நீடித்து உழைத்தது. ஆனால் அதற்கும் பராமரிப்பு தேவைப்பட்டது. இடவப்பாதி மழைக்கு முன் ஒருவர் மேலேறி உடைந்த ஓட்டை மாற்றுவார். கழுக்கோலிலும் பட்டியலிலும் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார். வீட்டின் குளிர்ச்சி ஆண்டுதோறும் இவ்வுழைப்பால் புதுப்பிக்கப்பட்டது.

பிற நாட்டு முஸ்லிம்களின் வரலாறும் இதையே கூறுகிறது. கெய்ரோவின் பழைய இல்லங்களில் மல்கஃப் என்னும் காற்றுப்பிடிப்பானும், ஈரானின் யஸ்து நகரில் பாத்கீர் என்னும் காற்றுக் கோபுரமும் உயரே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கின. அப்பாசியர் காலத்துப் பாக்தாதில் கைஷ் என்னும் முரட்டுத் துணியை நீரில் நனைத்துத் தொங்கவிட்டு அறையைக் குளிர்வித்தனர். நம் நாட்டு வெட்டிவேர்த் தட்டியும் இவ்வழியைச் சேர்ந்ததே. கோபுரத்தில் புழுதி அடைந்தால் காற்று இறங்காது; துணி உலர்ந்தால் குளிர்ச்சி போய்விடும். இவற்றில் எதுவும் ஒருமுறை வாங்கி மறந்துவிடக்கூடிய பொருளாக இருந்ததில்லை.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலின் வரலாறு இதில் நமக்குச் சிறந்த வழிகாட்டி. அதன் சுவர் பச்சைச் செங்கல். தூண்கள் பேரீச்ச மரம். கூரை பேரீச்ச மட்டை. மழை பெய்த ஓர் இரவில் கூரை ஒழுகி, அண்ணலார் ஈர மண்ணிலேயே ஸஜ்தா செய்ததை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. அபூபக்ர் (ரலி) அவர்கள் அக்கட்டடத்தில் எதையும் கூட்டவில்லை. ஹிஜ்ரி 17இல் உமர் (ரலி) அவர்கள் அதை விரிவாக்கினார்கள். ஆனால் அதே வகைப் பொருள்களைக் கொண்டே கட்டச் செய்தார்கள். மக்களை மழையிலிருந்து காப்பதே நோக்கம், வண்ணம் பூசித் தொழுவோரின் மனத்தைச் சிதறடிக்கலாகாது என்பது கட்டுவோருக்கு அவர்கள் இட்ட கட்டளையின் கருத்து. ஹிஜ்ரி 29இல் உஸ்மான் (ரலி) அவர்கள்தாம் செதுக்கிய கல்லையும் சுண்ணத்தையும் கொண்டு சுவர் எழுப்பி, தேக்கு மரத்தால் கூரை அமைத்தார்கள். ஆகவே மேம்படுத்துதல் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. தேவை எது, அலங்காரம் எது என்று பிரித்துப் பார்த்த பிறகே அது நிகழ்ந்தது.

வெப்பத்தின் துன்பத்தையும் மார்க்கம் அலட்சியம் செய்யவில்லை. கடும் வெயிலில் ளுஹர் தொழுகையைச் சற்றுத் தணிந்த நேரத்துக்குப் பிற்படுத்த நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஜமாஅத்துக்கு நடந்து வருவோருக்குச் சுவர்களின் நிழல் விழும் அளவுக்குப் பிற்படுத்தலாம் என்று ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் விளக்கினர். உள்ளே அமர்ந்திருப்பவரோடு, வெயிலில் நடந்து வருபவரையும் அவர்கள் கணக்கில் கொண்டார்கள்.

இன்று நம் வட்டாரத்தில் கான்கிரீட் தளம் ஓட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பகலில் வெயிலை வாங்கிச் சேர்த்துக்கொள்ளும் அத்தளம், இரவில் அதை அறைக்குள் விடுகிறது. ஓட்டை மாற்ற ஏறிய நாம், தளத்துக்கு ஆண்டுதோறும் வெள்ளைச் சுண்ணாம்பு பூச ஏறுவதில்லை. காற்று வரும் திசைச் சாளரத்தை அலமாரியால் அடைத்துவிட்டு, முப்பந்தலில் சுழலும் காற்றாலைகள் அதே காற்றிலிருந்து எடுக்கும் மின்சாரத்தைக் காசு கொடுத்து வாங்கி அறையைக் குளிர்விக்கிறோம்.

ஏசியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. முதியோருக்கும் நோயாளிக்கும் அது பேருதவி. 1902இல் அமெரிக்காவின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்த வில்லிஸ் கேரியர் அமைத்த முறையிலிருந்து அது வளர்ந்தது. உள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுவதே அதன் வேலை. அதற்குரிய வாயு மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. பெட்ரோல் போலத் தீர்ந்துபோவதில்லை. ஆகவே கேஸ் குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். பணமும் போகும், தீங்கும் விளையும். பழைய ஏசிகளில் உள்ள ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பது. அத்துடன் கரியமில வாயுவைப் போலச் சுமார் 1,800 மடங்கு புவியைச் சூடாக்கக்கூடியது. 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கை ஓசோனைச் சிதைக்கும் வாயுக்களைப் படிப்படியாக ஒழிக்க வழிவகுத்தது. 2016இல் கிகாலியில் செய்த திருத்தம் அவற்றுக்குப் பதிலாக வந்த வெப்பவாயுக்களையும் குறைக்கச் சொல்கிறது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. நம் அறையின் கசிவு பிறருடைய வெயிலாகிறது என்பதை உலகமே ஒப்புக்கொண்டதன் அடையாளங்கள் இவை.

வக்ஃபு பற்றிய ஃபிக்ஹுச் சட்டத்தில் ஓர் அரிய விதி உண்டு. வக்ஃபுச் சொத்தின் வருமானத்தில் முதல் செலவு அதன் பராமரிப்புக்கே உரியது. வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை இடாவிட்டாலும் சரியே என்று ஹனஃபி அறிஞர்கள் தெளிவாக எழுதினர். பயனாளிக்குக் கொடுப்பது அதன் பிறகே. மூலப்பொருள் அழிந்தால் பயனும் அழியும் என்பதே காரணம். பள்ளிவாசலுக்குப் புதிய ஏசி வாங்க வசூல் செய்யும் ஜமாஅத்தினர், அதற்கு முன் மேல்தளம் ஒழுகுகிறதா, மின்கம்பி பழையதா, இருக்கும் இயந்திரம் பழுதுபார்த்தால் ஓடுமா என்று பார்ப்பது இவ்விதியின் நேரடிக் கட்டளை. வீட்டையும் அமானிதம் என்று கருதுவோர் இதே வரிசையை வீட்டிலும் பின்பற்றலாம்.

கோடைக்கு முன் மேல்தளத்துக்கு வெள்ளை பூசுவோம். காற்றின் வழியைத் திறப்போம். ஏசி ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவுவோம். வெளிப்புறப் பெட்டியில் படிந்த புழுதியை அகற்றுவோம். கசிவை அடைத்த பிறகே கேஸ் நிரப்பச் சொல்வோம். வெப்பநிலையை 24இல் வைப்போம். 2020 முதல் புதிய ஏசிகள் அந்த அளவிலேயே தொடங்குமாறு நடுவண் அரசு விதித்துள்ளது. ஒவ்வொரு பாகை உயர்த்தினாலும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும். இவற்றையெல்லாம் செய்தும் இயந்திரம் தாங்காவிட்டால், நட்சத்திரக் குறியீட்டைப் பார்த்து அறையின் அளவுக்கு ஏற்றதை வாங்குவோம். அப்போது அது வீண்விரயம் ஆகாது.

மேலும் ஒரு கடமை உண்டு. நம் தெருவில் ஏசி வாங்க இயலாத முதியவர் வீட்டின் தகரக் கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் ஆள் அனுப்பிச் சீர் செய்வதை ஜமாஅத்தின் கோடைகாலப் பணியாக ஏற்போம். அன்று கூரை வேய ஊரார் கூடியது போல இன்றும் கூட முடியும்.

அல்லாஹ் அளித்த காற்றையும் நிழலையும் பேணி, அவற்றைப் பிறருடன் பகிர்ந்து வாழும் நற்பேற்றை அவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.